குட்டைக் குழலின் வாய்முனை: வாசகர் கேள்வி – பதில்

குழலின் வாயில் திருகும் பிளாஷ் ஹைடர் (தீச்சுவாலையைக் குறைப்பது), மசில் பிரேக் (உதைப்பைக் குறைப்பது), சப்ரஸர் (ஓசையை அடக்கும் உருளை) பிடிமானம் பற்றிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில். கேட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு, சட்டப்படி பதிவுசெய்த ரைபிள் வைத்திருப்பவர்கள். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் மேகசினைக் கழற்றுங்கள், தோட்டா நிற்கும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாக்களை வேறு மேசைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பதிலிலும் இதைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

கேள்வி (ஆஸ்டின், டெக்சாஸ்): 10.3 அங்குலக் குழல் உள்ள என் 5.56 மி.மீ. ரைபிளில் மூன்று அறை மசில் பிரேக் இருக்கிறது. 3,000 தோட்டா சுட்டிருப்பேன். முதல் அறையின் சுவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் சொரசொரப்பாகி, துளையின் விளிம்பும் மழுங்கிவிட்டது. மைத்துனரின் 16 அங்குல ரைபிளில் இதே பிரேக் என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு சுட்டும் புதிதாகவே இருக்கிறது. எனக்கு வந்தது போலிச் சரக்கா?

பதில்: சரக்கைக் குறை சொல்லாதீர்கள். குழலின் நீளம்தான் காரணம். 5.56 தோட்டாவின் மருந்து அளவு 20 அங்குலக் குழலை மனத்தில் வைத்து உருவானது. 10.3 அங்குலத்தில் குண்டு வாயைத் தாண்டும்போது மருந்து முழுவதும் எரிந்து முடிந்திருக்காது. வாய் அருகே வாயு அழுத்தமும் 20 அங்குலக் குழலில் இருப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. எரியாத மருந்துத் துகள்கள் அந்த அழுத்தத்தில் வாரி இறைக்கப்பட்டு, எதிரே நிற்கும் முதல் சுவரில் மோதுகின்றன. மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிரேக்கின் முதல் சுவருக்கு ஒவ்வொரு தோட்டாவிலும் அதே வைத்தியம் நடக்கிறது. இரண்டாவது, மூன்றாவது சுவர்களைப் பாருங்கள், அநேகமாகச் சொரசொரப்பே இருக்காது.

வெடிவேகமும் சேர்ந்துகொள்ளும். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில விநாடி விட்டால் உலோகம் ஆறும். மேகசினில் உள்ள முப்பதையும் ஒரே மூச்சில் தீர்த்தால் சுவர் சூட்டிலேயே இருக்கும், சூட்டில் உலோகம் இளகும், இளகிய உலோகம் சீக்கிரம் அரியும். ஆகவே ‘இத்தனை ஆயிரம் தோட்டா தாங்கும்’ என்று யாராவது எண் சொன்னால், எந்த நீளக் குழலில், எந்த வேகத்தில் சுட்டு என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுத்தள்ளுங்கள்.

தூக்கிப்போட வேண்டுமா? சுவரின் சொரசொரப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். துளையைப் பாருங்கள். 5.56 குண்டின் விட்டம் 5.69 மில்லிமீட்டர். பிரேக்கின் துளை அதைவிட ஒரு மில்லிமீட்டர் அளவு பெரிதாக இருப்பது வழக்கம். புதிதாக வாங்கும் நாளிலேயே வெர்னியரால் முதல் துளையையும் கடைசித் துளையையும் அளந்து குறித்துவையுங்கள். பிறகு ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை அளந்தால் போதும். முதல் துளை சீராக, வட்டம் கெடாமல் பெருத்துக்கொண்டு போனால் உதைப்பைக் குறைக்கும் திறன் கொஞ்சம் குறையும், வேறு ஆபத்தில்லை. துளை முட்டை வடிவமாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறத்தில் கீறல் விழுந்திருந்தாலோ, சுவரில் மயிரிழை விரிசல் ஓடினாலோ அன்றே கழற்றிவிடுங்கள். செம்புக் கீறல் என்றால் குண்டு சுவரை உரசிக்கொண்டு போகிறது.

அடுத்தமுறை வாங்கும்போது உலோகம் என்னவென்று கேளுங்கள். 17-4 பி.எச். வகைத் துருப்பிடிக்காத எஃகு எச்900 பதத்தில் நல்ல கடினம், சாதாரணமாகச் சுடுபவர்களுக்கு அதுவே தாராளம். ஆனால் அந்தப் பதம் 482 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து ஏற்றப்பட்டது. அந்தச் சூட்டைத் தாண்டித் திரும்பத் திரும்பப் போனால் கடினம் படிப்படியாக இறங்கும். குட்டைக் குழலில் மேகசின் மேல் மேகசினாகச் சுடுபவர்கள் இன்கோனல் 718, ஸ்டெல்லைட் போன்ற சூடு தாங்கும் கலவைகளில் செய்த முதல் சுவரைத் தேடுவது இதனால்தான். விலை கூடும், எடையும் கூடும்.

கேள்வி (பீனிக்ஸ், அரிசோனா): பிளாஷ் ஹைடரைக் கழற்றிவிட்டு, சப்ரஸர் மாட்டும் பிரேக் ஒன்றை நானே திருகினேன். 200 தோட்டாவில் அது கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நூல் பிடித்ததுபோல் நேராக நின்ற பக்கத் துளைகள் இப்போது கோணலாகத் தெரிகின்றன. இன்னும் இறுக்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. வாய்முனைச் சாதனத்தில் அழுக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் கெடுதல் செய்வது தளர்வும் கோணலும்தான். சப்ரஸர் மாட்டிய நிலையில் பிடிமானம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அந்தச் சாய்வு முன்முனையில் பல மடங்காகும். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவரில் குண்டு இடித்தால் சப்ரஸர் கிழியும். ஆகவே முழுவதும் கழற்றி முதலிலிருந்து செய்யுங்கள்.

நீங்கள் பழைய நசுங்கு வாஷரையே (இறுக்கும்போது நசுங்கிப் பிடிக்கும் வளையம்) திரும்பப் போட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அது ஒருமுறைக்குத்தான். சாதாரண பிளாஷ் ஹைடருக்கு அது சரி. அகன்ற வாய் குழலின் தோள் பக்கமும், குறுகிய பக்கம் பிளாஷ் ஹைடர் பக்கமும் இருக்க, கையால் இறுகிய இடத்திலிருந்து கால் சுற்றுக்குமேல், முக்கால் சுற்றுக்குள் நேர்நிலை வரவேண்டும். தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாதீர்கள், திருப்பினால் பிடி போய்விடும். புது வாஷர் போடுங்கள். சப்ரஸர் பிடிமானத்துக்கு நசுங்கு வாஷரே கூடாது. அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நசுங்காது, அதனாலேயே சாய்வு வரும். அங்கே ஷிம் என்ற மெல்லிய தட்டை வளையம்தான் போடவேண்டும்.

ஷிம் கணக்கு எளிது. 5.56 குழலின் மரை 1/2-28, அதாவது அங்குலத்துக்கு 28 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு 0.907 மில்லிமீட்டர் முன்னேறும். 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஒன்று சாதனத்தை ஏறத்தாழ 40 டிகிரி முன்னதாகவே நிறுத்தும். .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கான குழல்களில் வழக்கமான 5/8-24 மரையில் ஒரு சுற்று 1.058 மில்லிமீட்டர், அதே ஷிம் 34 டிகிரி. ஷிம் இல்லாமல் கையால் திருகிப் பாருங்கள். நேர்நிலையைத் தாண்டி எத்தனை டிகிரி போகிறது என்று பார்த்து, அத்தனைக்கும், கடைசி இறுக்கலுக்காக இன்னொரு 15 டிகிரிக்கும் சேர்த்துத் தடிமனைக் கணக்கிடுங்கள். மெல்லிய ஷிம் நாலைந்து அடுக்குவதைவிடத் தடித்தது ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

இறுக்கும்போது ரிசீவரை (குழல் பொருந்தும் உடல்பாகம்) வைஸில் பிடிக்கவே கூடாது. குழலைத் திருப்பும் விசை முழுவதும் குழலின் சிறிய நிறுத்து முளை வழியாக அலுமினிய ரிசீவரின் காடியில் இறங்கி, அதை அகலமாக்கிவிடும். குழலின் பின்முனைப் பற்களில் நுழைந்து பிடிக்கும் எஃகுத் தண்டை வைஸில் கட்டி, அதன்மேல் மேல்பாகத்தைச் செருகுங்கள். மரையை அசிட்டோனில் துடைத்து, உலரவிட்டு, விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஏ2 என்ற கூண்டு வடிவ பிளாஷ் ஹைடருக்கு 15 முதல் 20 அடி-பவுண்டு போதும், அதற்கு 3/4 அங்குல ஸ்பேனர். சப்ரஸர் பிடிமானங்களுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 வரை கேட்பார்கள், கையேட்டில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். பற்றாததுபோல் தோன்றினாலும் 30-ஐத் தாண்டாதீர்கள். அதிகம் இறுக்கினால் குழலின் வாய் ஓரமே நசுங்கி இடுங்கும், அப்புறம் தோட்டாக்கள் சிதறிப்போய் விழ ஆரம்பிக்கும்.

மரைப்பசை விஷயத்தில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள். கடையில் கிடைக்கும் சிவப்புப் பசை 150 டிகிரி செல்சியஸ் சூடு வரைதான் நம்பகம். இரண்டு மேகசின் தொடர்ந்து சுட்டால் குழல்வாய் அதைத் தாண்டிவிடும். இதற்கென்று இருக்கும் சிலிக்கேட் வகைப் பசை, ராக்செட் என்ற பெயரில் கிடைப்பது, 1,000 டிகிரியையும் தாங்கும். இரண்டு சொட்டு போதும். வாய்க்குள் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அதன் பலவீனம் தண்ணீர். கழற்ற வேண்டுமென்றால் குழல்முனையை ஓர் இரவு வெந்நீரில் நிற்கவையுங்கள், ஸ்பேனரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மரைக்கு வழுக்கலாக ஆன்டி-சீஸ் பூசுவது சாதாரண பிளாஷ் ஹைடருக்குச் சரி. சப்ரஸர் பிடிமானத்துக்கு அதைப் பூசினால், சப்ரஸரைத் திருகிக் கழற்றும்போது பிடிமானமும் கூடவே கழன்று வரும்.

கடைசியாகக் குழலுக்கும் சாதனத்துக்கும் குறுக்கே ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். நகப்பூச்சும் செய்யும், ஆனால் சூட்டில் கருகிவிடும். கோடு உடைந்து தெரிந்த நாளில் சப்ரஸர் மாட்டாதீர்கள். மாட்டுவதற்கு முன் அளவுத் தண்டு ஒன்றைக் குழலின் வழியாக விட்டு, சப்ரஸரின் முன்துளையில் அது நடுவே தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தண்டு வளைந்திருந்தால் பொய் சொல்லும். மெல்லச் சுழற்றினால் முனை வட்டமடிக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி (ராலே, வட கரோலினா): பிரேக்கிலிருந்து கரியை எடுக்க வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் இரண்டும் இருக்கின்றன. செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து லெட் அசிடேட் ஆக்கும். அது விஷம், தோல் வழியாகவும் ஏறும். 5.56-இல் ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்கள் பெரும்பாலானவற்றில் ஈயச் சேர்மம் இருக்கிறது. செப்பு உறை போட்ட சாதாரணக் குண்டுகளின் அடிப்பாகம் உறையில்லாமல் திறந்தே இருக்கும், அங்கிருந்து ஈயம் ஆவியாகக் கிளம்பிக் கரியோடு படிகிறது. நைட்ரைல் கையுறை எதற்கும் வேண்டும். எந்தப் பாத்திரத்தில் ஊறவைத்தாலும் அது திரும்ப அடுப்படிக்குள் நுழையக்கூடாது. கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், ரசாயனக் கழிவாகச் சேர்த்துக் கொடுங்கள்.

எவ்வளவு சுத்தம் தேவை என்பதுதான் முக்கியக் கேள்வி. வெறும் பிளாஷ் ஹைடருக்குச் சுத்தமே தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். காடிகளுக்குள் கரி ஏறினால் சுடுகிற வேகத்தில் ஒரு பகுதி தானே உதிர்ந்துபோகும். இரண்டு இடத்தில்தான் கரியை எடுத்தே ஆகவேண்டும். ஒன்று, குழலின் வாய் ஓரம், அதாவது குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் வளையம். அங்கே ஒரு பக்கம் மட்டும் கரி தடித்தால் குறி மாறும். கரைப்பான் நனைத்த பித்தளைத் தூரிகையால் தேயுங்கள், எஃகுக் கம்பியால் சுரண்டாதீர்கள். இன்னொன்று, சப்ரஸர் உட்காரும் கூம்பு முகம். அதைச் சுட்ட அன்றே, கரி ஈரமாக இருக்கும்போதே, கரைப்பான் நனைத்த துணியால் ஒருமுறை சுற்றித் துடைத்தால் மூன்று மாதம் கழித்துப் படும் பாடு மிச்சம்.

அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுபவர்களுக்கு: பசை போட்டு இறுக்கிய சாதனத்தைக் குழலோடு தண்ணீரில் முக்கினால், முன்பதிலில் சொன்ன சிலிக்கேட் பசை கரைய ஆரம்பிக்கும். கரி போய்விட்டது என்று மகிழ்ந்துவிட்டு, அடுத்தமுறை 50-வது தோட்டாவில் பிரேக் திரும்பி நிற்பதைப் பார்ப்பீர்கள். பிறகு சாதனத்தைக் குறை சொல்வீர்கள்.

கேள்வி (ஹூஸ்டன், டெக்சாஸ்): எடை குறைவு என்பதால் டைட்டானியம் பிரேக் வாங்கினேன். இருட்டில் சுட்டால் வெள்ளைப் பொறி தீபாவளி மத்தாப்புபோல் கொட்டுகிறது.

பதில்: பொறியாகக் கொட்டுவது பிரேக்கேதான். சூடான டைட்டானியத்தை மருந்துத் துகள்கள் அரித்து எடுக்கின்றன, அந்தத் துகள் காற்றில் வெண்மையாக எரிகிறது. வழக்கமான டைட்டானியக் கலவைக்கு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலம் சட்டென்று இறங்கும். நீளமான வேட்டை ரைபிளில், ஒன்றிரண்டு தோட்டாவோடு நிற்பவருக்கு அது நல்ல பொருள். 10 அங்குலக் குழலுக்கு அல்ல. விற்றுவிட்டு எஃகுக்கு வாருங்கள், மிச்சமாகும் 40, 50 கிராமுக்காக இந்தத் தலைவலி வேண்டாம்.

கேள்வி (டென்வர், கொலராடோ): மூன்று கொம்பு பிளாஷ் ஹைடர் ஒவ்வொரு வெடிக்கும் மணிபோல ‘டிங்’ என்கிறது. கீழே ஒருமுறை விழுந்தது. விரிசலா?

பதில்: திறந்த கொம்புகள் இசைக்கவைபோல் அதிரும், அந்த ஓசை பிறவிக்குணம். விரிசலா என்று பார்க்க, துணியால் துடைத்து, கொம்புகளின் அடிவாரத்தில், காடி முடியும் வட்டத்தில், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். அங்கேதான் விரிசல் தொடங்கும். விழுந்தது என்பதால் வளைவையும் பாருங்கள். மூன்று கொம்புகளின் முனை இடைவெளியையும் வெர்னியரால் அளந்தால் மூன்றும் ஒன்றாக வரவேண்டும். ஒன்று உள்ளே வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள்.

கொம்பு எங்காவது மாட்டிக்கொள்ளும் தொல்லை பழையது. அமெரிக்கப் படையின் எம்16 ரைபிளின் ஆரம்பகால பிளாஷ் ஹைடர் மூன்று கொம்புதான். வியட்நாம் காட்டில் கொடிகளில் சிக்குகிறது, தண்ணீரை இழுத்துக் குழலுக்குள் விடுகிறது என்று 1960-களிலேயே முனை மூடிய ‘பறவைக்கூண்டு’ வடிவத்துக்கு மாறினார்கள். பிறகு வந்த ஏ2 வடிவத்தில் அடிப்பக்கக் காடியையும் அடைத்தார்கள், படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பக்கூடாது என்பதற்காக. ஆகவே ஏ2-வைத் திருகும்போது அடைத்த பக்கம் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் நிற்க விட்டால் வாயு ஒரு பக்கம் அதிகம் போய்த் துப்பாக்கியை இழுக்கும்.

ஒளியை அடக்கும் திறனில் கொம்பு வகையே மேல். குழல்வாயில் இரண்டாவதாகத் தோன்றும் பெரிய தீப்பந்து, எரியாத கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளிக்காற்றோடு கலந்து பற்றுவதால் வருவது. காடிகளும் கொம்புகளும் அந்த வாயுக் கூட்டத்தைக் கிழித்து, பற்றுமுன் ஆறவிடுகின்றன. பிரேக் இதைச் செய்யாது. குட்டைக் குழலில் பிரேக் போட்டு இரவில் சுடுபவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

கேள்வி (சிகாகோ புறநகர்): சப்ரஸர் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டு கழலவே மாட்டேன் என்கிறது. பைப் ரெஞ்ச் போடலாமா?

பதில்: பைப் ரெஞ்ச் போட்டால் குழாய் நசுங்கும், அல்லது பிரேக்கே மரையோடு கழன்று சப்ரஸருக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டையும் பிரிக்கப் பெரிய பாடு. ஒட்டியிருப்பது கூம்பு முகத்தில் சுட்டுக் கெட்டியான கரி. வாய் கீழ்நோக்கி நிறுத்தி, சப்ரஸரின் பின்புற இடைவெளியில் கரைப்பானை விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு ரப்பர் பட்டை ரெஞ்சால் சப்ரஸரின் பின்பாகத்தை மட்டும் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு, பிறகு கழற்றும் பக்கம். அசையாவிட்டால் ஹாட் ஏர் கன்னால் வெளிக்குழாயைச் சூடாக்குங்கள், அது விரிந்தால் கரிப்பிடி உடையும். கரைப்பான் முழுவதும் உலர்ந்த பிறகுதான் சூடு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் தீப்பிடிக்கும். இனிமேல் சுட்டு முடித்து, கையுறையோடு தொடும் சூட்டுக்கு வந்ததும் கால் சுற்றாவது தளர்த்திவையுங்கள்.

குட்டைக் குழலில் சப்ரஸர் மாட்டுபவர்களுக்கு ஒரு யோசனை. கொம்பு பிளாஷ் ஹைடர் பிடிமானத்தைவிட பிரேக் பிடிமானமே நல்லது. அரிப்பின் முதல் அடியை பிரேக்கின் சுவர் வாங்கிக்கொள்ளும். பிரேக்கைப் புதிதாக வாங்குவது எளிது. சப்ரஸரின் முதல் தடுப்பு அரிந்தால் அதைத் தயாரித்தவருக்கே அனுப்பியாக வேண்டும். சப்ரஸரின் கையேட்டில் குறைந்தபட்சக் குழல் நீளம் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு அரை அங்குலம் குறைவுதானே என்று மீறாதீர்கள்.

கேள்வி (சான் அன்டோனியோ, டெக்சாஸ்): 14.5 அங்குலக் குழலில் பிரேக் வெல்டிங் செய்து 16-ஆக வாங்கினேன். பிரேக் அரிந்துவிட்டது. அறுத்து எடுத்துவிட்டுப் புதிது போடலாமா?

பதில்: பட்டறை வேலையைவிடச் சட்டத்தில் கவனம் வேண்டிய கேள்வி. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைபிள் தனிப்பதிவு தேவைப்படும் வகை. தோட்டாவின் பின்னே மூடி நிற்கும் போல்ட்டின் முகத்திலிருந்து வாய்வரை தண்டு விட்டு அளப்பார்கள். நிரந்தரமாக இணைத்த சாதனம்தான் நீளக் கணக்கில் சேரும். நிரந்தரம் என்றால் முழுச் சுற்று வெல்டிங், 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்று, அல்லது குறுக்கே ஊசி அடித்து ஊசியின் தலையை வெல்டிங்கால் மூடுவது. பசையும் வெறும் இறுக்கமும் கணக்கில் வராது.

நீங்கள் பிரேக்கை அறுத்த நொடியில் உங்கள் கையில் இருப்பது பதிவில்லாத குட்டைக் குழல் ரைபிள். ஆகவே குழல் ரிசீவரோடு இருக்கும்போது தொடாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்து, அவர் பட்டறையிலேயே கழற்றி, புதிதை இணைத்து, அளந்து தரச் சொல்லுங்கள். அல்லது துப்பாக்கிப் பதிவைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்-பிடம் படிவம் 1 (குட்டைக் குழல் செய்ய அனுமதி கேட்பது) போட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகு குட்டைக் குழலாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி 1 முதல் அதற்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது, பதிவும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன. மாநிலச் சட்டம் வேறு. கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் குட்டைக் குழலுக்கே இடமில்லை. கலிபோர்னியாவில் பிளாஷ் ஹைடர் ஒன்றே ரைபிளைத் தடைப்பட்டியலில் தள்ளக்கூடும்.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): 9 மி.மீ. கார்பைனுக்கும் 5.56-க்கும் மரை ஒன்றுதான் என்கிறார்கள். மாற்றி மாட்டலாமா?

பதில்: 9 மி.மீ. குழல்கள் பலவற்றிலும் 1/2-28 மரைதான், அதனால் தடையில்லாமல் திருகிக்கொள்ளும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 9 மி.மீ. குண்டு 5.56 பிரேக்கின் துளையில் நுழையாது, இடித்துச் சிதறும். மரை பொருந்துவது ஒன்றையும் நிரூபிக்காது. பெட்டியில் இருப்பது எந்தத் துளைக்கு என்று சாதனத்தின் மேல் எழுதியிருப்பதை வெர்னியரால் சரிபாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் பொறித்து வையுங்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் ஊர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் டிரைக்கா என்ற குட்டை 7.62 கார்பைன் செய்கிறார்கள். ஏகே வகைக் குட்டைத் துப்பாக்கிகளின் வாயில் இருக்கும் புனல் எதற்கு? அதற்கும் பராமரிப்பு உண்டா?

பதில்: இந்தியாவில் அந்தத் துளை அளவு தடைசெய்யப்பட்ட வகை, சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. தெரிந்துகொள்ளத் தடையில்லை. அந்தப் புனலுக்குப் பெயர்பெற்றது 1979-இல் வந்த சோவியத் ஏகேஎஸ்-74யூ. குழல் 206.5 மில்லிமீட்டர்தான். வாயுத் துளை வாய்க்கு மிக அருகில் இருப்பதால், குண்டு துளையைத் தாண்டிய மறுகணமே வெளியே போய்விடும், பிஸ்டனைத் தள்ள அழுத்தம் நிற்காது. வாயில் திருகிய உருளை அறை வாயுவை ஒரு கணம் தேக்கி அந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது, முன்னே விரியும் புனல் தீச்சுவாலையைக் கொஞ்சம் குறைக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சுட்டால் போல்ட் பாதியில் நின்று அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம். எம்16-இன் பொதுமக்கள் வடிவமான ஏஆர்-15-இல் பிளாஷ் ஹைடர் இல்லாவிட்டாலும் துப்பாக்கி ஓடும். இங்கே வாய்முனைச் சாதனம் இயந்திரத்தின் ஓர் உறுப்பு.

கழற்றும் முறையில் ஒரு குழப்பம் உண்டு. ஏகேஎம்-இன் சாய்வெட்டு பிரேக் 14×1 இடது மரை, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். 74யூ-வின் உருளை 24×1.5 வலது மரை, எதிர்ப்பக்கம். இரண்டிலும் குறுக்கே ஒரு வில்முளை நிற்கும், அதை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். முளை கரியில் சிக்கி உள்ளேயே நின்றுவிட்டால் சாதனம் சுடச்சுடத் தளர்ந்து பறந்துபோகும். ஆகவே முளையில் ஒரு சொட்டு எண்ணெய், விரலால் நாலைந்து அழுத்தல்.

பழைய கிழக்கு ஐரோப்பிய உபரித் தோட்டாக்கள் பலவற்றில் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக, நம் சமையல் உப்பின் உறவுக்காரராக, உள்ளே படிகிறது. காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருவைக் கிளப்பும். எண்ணெயும் சாதாரணக் கரைப்பானும் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். குழலைக் கழுவுபவர்கள் பலர் வாய்முனை அறையை மறந்துவிடுகிறார்கள். உப்பு அதிகம் தங்குவது அங்கேதான். கழற்றி, கொதிநீரில் இரண்டு முறை அலசி, சூட்டிலேயே உலரவிட்டு, பிறகு எண்ணெய். அலசாமல் மேலே எண்ணெய் மட்டும் தடவி வைத்தால், ஒரு மாதம் கழித்து மரையோடு துரு கடித்துக்கொண்டிருக்கும். அப்போது வில்முளையை எவ்வளவு அழுத்தினாலும் உருளை அசையாது.